அந்தத் தாடையை இறுக விடாதீர்கள்

வீட்டில் ஒருவர் காலையில் எழுந்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "ராத்திரி குளிர்ல படுத்திருப்ப, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிக்காதீர்கள். கொட்டாவி விடும்போது காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் வருகிறது என்று மனைவி சொன்னால் சிரிக்காதீர்கள். இட்லியைக்கூடச் சின்னச் சின்னதாகப் பிட்டுத்தான் வாயில் வைக்க முடிகிறது என்று அம்மா சொன்னால், "பல்லைப் புடுங்கிட்டா தொல்லை விட்டுது" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஊரே ஒரு நோய்க்குப் பயந்து கிடக்கும் காலத்தில் இந்த வலி வந்தால், அதன் காரணம் பெரும்பாலும் வாய்க்கு வெளியே இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கிறது, வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது, தெருவில் இருக்கிறது. அந்த மூன்று இடங்களிலும் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் பல் டாக்டர். மாவட்டத் தலைநகர் ஒன்றில் சின்னதாக ஒரு கிளினிக். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது முதலில் முடங்கிய தொழில்களில் எங்களுடையதும் ஒன்று. பல்லைக் குடையும் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுழலும். நோயாளியின் எச்சில் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக அறை முழுக்கப் பரவும். அவசர சிகிச்சை தவிர மற்றதையெல்லாம் தள்ளிப்போடச் சொன்னது அரசு. சரியான உத்தரவு. பிறகு நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, சொத்தைப் பல்லும் வீங்கிய ஈறும் வரிசை கட்டி நிற்கும் என்று நினைத்தேன். நின்றன. கூடவே இன்னொரு கூட்டமும் வந்தது. ஒரு பல்லைத் தொட்டுக் காட்டி, "இதுதான் டாக்டர், உயிரு போவுது" என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் அந்தப் பல்லில் ஒன்றுமே இருக்காது. சிலருக்குச் சொத்தையின் சுவடே இல்லாத கடைவாய்ப் பல் நட்டநடுவில் விரிசல் விட்டிருக்கும். சிலர், பல வருடம் முன்பு அடைத்த சிமெண்ட் பெயர்ந்து வந்ததைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான மாதம். கொரோனா வார்டில் வேலை பார்த்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வந்தார். உட்காரும் முன்பே, "கீழ்க் கடைவாய்ப் பல்லு சார், இடது பக்கம். புடுங்கி விட்ருங்க. ரெண்டு மணிக்கு டியூட்டி" என்றார். தட்டிப் பார்த்தேன். குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தேன். படம் எடுத்தேன். பல் நன்றாக இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன்: ஓரம் முழுக்கப் பற்கள் பதிந்து நெளிநெளியாகத் தடம். கன்னத்தின் உட்புறம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும் உயரத்தில், வெளிறிய ஒரு கோடு. தாடை வளையும் மூலைக்குக் கொஞ்சம் மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். "ஆ, அதேதான் சார், அந்த வலிதான்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது பல் இல்லை. உணவை மெல்லுவதற்காக இருக்கும் தசை.

"சிஸ்டர், ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கவச உடைக்குள் ஆறு மணி நேரம். இடையில் தண்ணீர் கிடையாது. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் அந்த உடையைக் கழற்றி எறிய வேண்டும், மாற்று உடைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வாசலில் படுக்கை கேட்டு நிற்கும் உறவினர்கள். விரலில் மாட்டிய கருவியில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர வேண்டும். வீட்டுக்குப் போனால் மாடியில் தனி அறை. பிள்ளை கீழே நின்று கூப்பிட்டால் ஜன்னலில் இருந்து கை ஆட்டலாம், அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு மாமியார் இறங்கிவிடுவார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் நல்லாத்தான் சார் இருக்கேன், பல்லுதான்..." என்று முடித்தார்.

அடுத்த முறை அவர் கணவரும் வந்தார். நல்ல மனிதர், மனைவி மேல் பிரியமானவர். "அவ எப்பவுமே இப்படித்தான் டாக்டர். எதையும் வெளிய சொல்லமாட்டா. ரொம்ப தைரியம்" என்றார், பெருமையாக.

அந்தப் பெருமையை விடுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வாய் திறக்காமல் சுமப்பவரைத் தைரியசாலி என்று புகழ்வது நமக்கு வசதி. புகழ்ந்து முடித்த கையோடு அவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றலாம். நோய் பரவும் காலத்தில் அந்த மூட்டைகள் எப்படிக் கூடுகின்றன என்று பாருங்கள்: வீட்டுக்கு வெளியே போய் வருபவர் கொண்டு வரும் பயம், வேலை போனவரின் எரிச்சல், பள்ளி மூடிக் கிடக்கும் பிள்ளைகளின் படிப்பு, பாட்டிக்கு வேளை தவறாமல் மாத்திரை, மூன்று வேளைச் சமையல், நாலாவதாகக் கஷாயம். எல்லாம் ஒருவர் தலையில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் மட்டும் பல்லை நறநறக்கிறார். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்கிறது, திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

திரும்பிப் படுக்காதீர்கள். அந்தத் தாடைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் படுக்க மாட்டீர்கள். வாயை மூடிச் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டுவிட்டு விலகும். ஒரு நாள் முழுக்கக் கூட்டினாலும் அது நிமிடக் கணக்குதான். மனத்தில் பயம் புகுந்தால் உடம்பு மோதவோ ஓடவோ தயாராகிறது. நாடி வேகமாக அடிக்கிறது, தோள் தூக்கிக்கொள்கிறது, தாடை இறுகுகிறது. ஆபத்து ஐந்து நிமிடத்தில் போய்விட்டால் தசையும் தளர்ந்துவிடும். மரணச் செய்தியும் வேலை போய்விடுமோ என்ற கவலையும் கடன் தவணையும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் எப்போது தளரும்? பாத்திரம் தேய்க்கும்போது, போன் பார்க்கும்போது, வரிசையில் நிற்கும்போது, தனக்கே தெரியாமல் பல்லை இறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். இரவில் தூக்கம் அரைகுறையாகக் கலையும் நேரங்களில் மூளை தாடையை முடுக்கிவிடுகிறது. விழித்திருக்கையில் ஓரளவுக்கு மேல் கடித்தால் நோகும், விட்டுவிடுவோம். தூக்கத்தில் அந்தத் தடை இல்லை. நல்ல பல் பிளப்பது அப்போதுதான்.

கீழ்த்தாடை எலும்பு ஒன்று, அதற்கு மூட்டு இரண்டு. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி: ஒன்று நொண்டினால் மற்றதன் கழுத்தும் புண்ணாகும். இடது பக்கம் வலிக்கிறதென்று வலது பக்கமே மென்று கொண்டிருந்தால் நாளடைவில் வலதும் கெடலாம். மூட்டுக்குள் மெத்தை போல ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. பெரும்பாலும் அது இடம் நழுவுவதால்தான் அந்த 'டக்'. வலியும் ஓரிடத்தில் நிற்காது. காதுக்குப் போகும், நெற்றிப்பொட்டுக்குப் போகும், பிடரிக்குப் போகும். காது டாக்டர் காதைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார். கண் டாக்டர் கண்ணாடி நம்பரை மாற்றிக் கொடுப்பார். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா? நாற்பது வயது லாரி புக்கிங் ஏஜென்ட் ஒருவருக்கு அவருடைய அம்மா பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார். மகன் நறநறப்பதைக் கேட்டு எழுந்து ஏதோ செய்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். அந்த அளவில் அவரை மதிக்கிறேன்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. 2020-இல் முதல் ஊரடங்கு முடிந்த கையோடு, டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போலந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து இரு நாட்டு மக்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். இஸ்ரேலில், தாடை வலி இருக்கிறது என்றவர்கள் நோய்க்கு முன்னால் சுமார் 35 சதவீதம், ஊரடங்கில் 47. பகலில் பல்லை இறுக்குகிறேன் என்றவர்கள் 17-இலிருந்து 32 ஆனார்கள். இரவில் நறநறப்பவர்கள் சுமார் 10-இலிருந்து 36. மக்கள் தாங்களே சொன்ன பதில்கள் இவை. தசையில் கருவி வைத்து அளந்தவை அல்ல. ஆனாலும் யார் அதிகம் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்: ஆண்களைவிடப் பெண்கள், வயதில் 35 முதல் 55 வரை உள்ளவர்கள். கீழே பிள்ளைகள், மேலே பெற்றோர், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2021 தொடக்கத்தில் பல் டாக்டர்களைக் கேட்டபோது பத்தில் ஏழு பேர், பல் நறநறக்கும் நோயாளிகள் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். தொற்றின் முதல் வருடத்தில் உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. மனத்தில் ஏறியது வேறெங்கே இறங்கும்?

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு முதலில் சொல்கிறேன். "நான் ஏதாவது உதவி பண்ணட்டுமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். உங்களுக்கும் அது தெரியும். ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், முழுசாக, நாள்தோறும். பாட்டியின் மாத்திரை என்றால் எது தீர்ந்துபோகிறது, எப்போது வாங்க வேண்டும், எதைச் சாப்பாட்டுக்கு முன் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் தலையில் இருக்க வேண்டும். "மாத்திரை எங்க இருக்கு?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினால் அந்த வேலை இன்னும் அவருடையதுதான். ராத்திரி காய்ச்சல் பார்க்க ஒருவர் விழிக்க வேண்டும் என்றால் முறை வைத்து விழியுங்கள். தூக்கம் துண்டு துண்டாகிப் போனவரின் தாடைக்கு எந்த மருந்தும் பிடிக்காது. பேசச் சொல்லுங்கள், பேசும்போது குறுக்கே யோசனை சொல்லாதீர்கள். "எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்ற வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அது ஆறுதல் மாதிரி இருக்கும், வாயை மூடு என்றுதான் அர்த்தம்.

தெருவுக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி என்று வாசலில் நின்று தட்டைத் தட்டினோம், கை தட்டினோம். அதற்கப்புறம் என்ன செய்தோம்? நர்ஸ் என்று தெரிந்ததும் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். அடுத்த மாதமே சென்னையில், கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது ஒரு கூட்டம். கூட இருந்த இன்னொரு டாக்டர் ராத்திரியில் தானே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ள வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் காலை வார்டுக்குள் போன ஒவ்வொரு டாக்டரும் நர்ஸும் தூய்மைப் பணியாளரும் எதை நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்? செத்தால் நம்மையும் புதைக்க விடமாட்டார்கள் என்று தெரிந்த உடம்பு எப்படித் தளரும்? அடுத்த முறை உங்கள் தெருவில் அப்படி ஒரு கூட்டம் கூடினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்காதீர்கள். முன்னால் போய் நில்லுங்கள். நர்ஸுக்கு வீடு கொடுத்தவர் என்றால் அக்கம்பக்கத்தார் வந்து முணுமுணுக்கும்போது, "அவங்க இங்கதான் இருப்பாங்க" என்று அந்த நர்ஸின் காதில் விழும்படி சொல்லுங்கள்.

பயத்தைப் பரப்புவது பாவம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உண்மையா என்று பார்க்காமல் ராத்திரி பதினொரு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுடுகாட்டு வீடியோவைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போகிறவர், அதைப் பார்க்கப் போகும் பன்னிரண்டு பேரின் தூக்கத்தைத் திருடுகிறார். "ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதான் அனுப்பினேன்" என்பார். ஜாக்கிரதைக்குத் தேவையான செய்தி ஆஸ்பத்திரியில் படுக்கை எங்கே இருக்கிறது, தடுப்பூசி முகாம் எந்த நாள், எந்த நம்பருக்குப் போன் செய்வது என்பதுதான். அதை அனுப்புங்கள். மற்றதை உங்களோடு நிறுத்துங்கள். டிவியில் சிவப்புப் பட்டையில் ஓடும் எண்ணிக்கையைச் சாப்பாட்டு நேரத்தில் போடாதீர்கள். சாப்பாடு இறங்கும் அதே தாடையில்தான் அதுவும் இறங்குகிறது.

முதலாளிகளே, மேலதிகாரிகளே, மருத்துவமனை நிர்வாகிகளே: வீட்டில் இருந்து வேலை என்று சொல்லிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங் வைக்காதீர்கள். வார்டில் இருப்பவருக்குத் தண்ணீர் குடிக்க இடைவேளை கொடுங்கள். மாற்று உடைக்குக் கணக்குக் கேட்காதீர்கள். ஷிப்ட் பட்டியலை முந்தைய நாள் ராத்திரி மாற்றுவது, கேள்வி கேட்டவரை அதே வார்டில் போட்டுப் பழி வாங்குவது, இவை அவசர காலத்தில் தவிர்க்க முடியாதவை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். எல்லாம் தவிர்க்கக் கூடியவை.

வலியில் இருப்பவர்களே, உங்களுக்கும் கடமை உண்டு. மறைக்காதீர்கள். "எல்லாரும் உயிருக்குப் போராடும்போது எனக்குத் தாடை வலின்னு சொல்றதா" என்ற கூச்சம் வேண்டாம். அந்தக் கூச்சத்தில்தான் மெடிக்கலுக்குப் போய் வலி மாத்திரை வாங்கிப் பிரஷர் மாத்திரை போல நாள்தோறும் முழுங்குகிறீர்கள். அது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. வலிக்கும் பல்லைப் பிடுங்கச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். பல் போகும், வலி இருக்கும். செய்ய வேண்டியது பெரும்பாலும் எளிது. பகலில் நினைவு வரும்போதெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்: உதடு மூடியிருக்கட்டும், பல் தொடாமல் இருக்கட்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாகப் படட்டும். சில நாள் குழைந்த சோறு, இடியாப்பம் போல மெதுவாக மெல்லக் கூடியது போதும். முறுக்கும் கரும்பும் சூயிங்கமும் காத்திருக்கும். கதகதப்பான ஒத்தடம் காலையும் மாலையும். கொட்டாவி வந்தால் முகவாய்க்கட்டையைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம். மதுவும் புகையும் நறநறப்பைக் கூட்டும். பல் டாக்டர் ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுப்பார். அது பல்லைக் காக்கும். உங்கள் கவலையை வாங்கிக்கொள்ளாது. கடிப்பதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது நல்ல பற்களை ராவ வந்தாலோ, எடுத்ததுமே அறுவை சிகிச்சை என்றாலோ, இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். ராவிய பல் வளராது. மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆனால் எல்லாத் தாடை வலியையும் மன அழுத்தத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். அந்த அலட்சியமும் குற்றம்தான். 2021-இன் இரண்டாவது அலையில் கொரோனாவில் இருந்து மீண்ட சர்க்கரை நோயாளிகள், அதிலும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள், மேல்தாடை வலிக்கிறது, கன்னம் மரத்துப்போகிறது, நன்றாக இருந்த பல் திடீரென்று ஆடுகிறது என்று வந்தார்கள். கருப்புப் பூஞ்சை. மூக்குப் பக்க எலும்புக் குழிகளில் தொடங்கி மேல்தாடையை அரித்துக்கொண்டு கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும். 2021 மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூன் முடிவதற்குள் நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல். ஆம்போடெரிசின்-பி மருந்துக்கு ஊர் ஊராக அலைந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேரிடம், "டென்ஷன்தாம்பா, ரெஸ்ட் எடு" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்த நோயில் இரண்டு நாள் தாமதம் ஒரு கண்ணைக் கேட்கும். இதயமும் தாடை வழியாக வலிக்கும். மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடை வலித்தால், கூடவே வியர்வையோ மூச்சுத் திணறலோ நெஞ்சில் பாரமோ இருந்தால், ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பல வருடப் பாக்குப் பழக்கம் இருந்து வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போனால் அதுவும் வேறு கதை, உடனே காட்டுங்கள். மூன்று விரலை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடியவில்லை என்றால் காரணம் எதுவானாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் விட முடியாது. ஊரடங்கு தொடங்கிய முதல் வாரங்களிலேயே தேசிய மகளிர் ஆணையத்துக்கு வீட்டு வன்முறைப் புகார்கள் கூடின. கதவு பூட்டிய வீட்டில் அடிப்பவரோடு மாட்டிக்கொண்ட பெண்ணின் தாடை இரண்டு விதமாகவும் வலிக்கும்: அறை விழுந்த இடமாகவும், அடுத்த அறைக்குக் காத்திருக்கும் இடமாகவும். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்பார். கூட வந்தவர் அவருக்கு முன்னால் பதில் சொல்வார். பல் மருத்துவம் படித்த தம்பி தங்கைகளே, கூட வந்தவரை வெளியே அனுப்புங்கள். எக்ஸ்ரே அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி என்று சொன்னால் போதும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பிறகு மெதுவாகக் கேளுங்கள். 181 என்ற எண்ணை அவர் மனசில் பதியும்படி சொல்லுங்கள். சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், அது வீட்டில் யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. மற்ற நோயாளிகளிடமும் கருவியை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், ராத்திரி தூங்குகிறீர்களா என்று. அதற்கு இரண்டு நிமிடம் செலவாகும். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கொரோனா போய்விட்டதே, இப்போது எதற்கு இந்த அவசரம் என்று கேட்பவர்களுக்குத் தெரியாததா? பக்கத்து மாநிலத்தில் கோழிக்கோட்டில் 2018 மே மாதம் வந்த நிபா, 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்துக்குத் திரும்பி வந்தது. நம் ஊரில் மழைக்காலம் வந்தால் டெங்கு வார்டு நிரம்புகிறது. அடுத்தது எது என்று யாருக்கும் தெரியாது. அது வரும் நாளில் உட்கார்ந்து நியாயம் பேச நேரம் இருக்காது. நோய் வந்த பிறகு வேலையைப் பங்கிட முயன்ற வீடுகளில் சண்டைதான் நடந்தது, நான் கேட்டிருக்கிறேன். பயத்தில் இருப்பவர்களால் நியாயமாகப் பங்கு போட முடியாது. ஏற்கெனவே யார் செய்துகொண்டிருந்தாரோ அவர் தலையிலேயே எல்லாம் வந்து விழும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, வீட்டில் எல்லாரையும் உட்கார வையுங்கள். ஒரு தாள் எடுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து பதினான்கு நாள் கதவு சாத்த வேண்டியிருந்தால் யார் சமைப்பது, ராத்திரி யார் விழிப்பது, தாத்தாவை யார் குளிப்பாட்டுவது, பிள்ளைகளின் பாடத்தை யார் பார்ப்பது, ஊரில் இருந்து வரும் போனுக்கு யார் பதில் சொல்வது என்று வரிசையாக எழுதுங்கள். எதிரே, இன்றைக்கு அந்த வேலையைச் செய்பவரின் பெயரை எழுதுங்கள். வீட்டில் மிகக் குறைவாகப் பேசுபவரின் பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அதில் பாதியை அவர் கண்முன்னாலேயே அடித்துவிட்டு, அங்கே உங்கள் பெயரை எழுதுங்கள். திங்கட்கிழமை காலையில் இருந்தே அந்த வேலைகளைச் செய்யத் தொடங்குங்கள்.